கலிங்கத்துக்குப் போன மாமன் சீர்

திருவண்ணாமலையில் தங்கை மகள் கல்யாணத்துக்குப் போகமாட்டேன் என்று முறுக்கிக்கொண்ட தாய்மாமன்கள் ஏராளம். எழுதிவைக்க வேண்டிய செய்தி அல்ல அது. ஆனால் அதே வாரத்தில், இறந்து தொள்ளாயிரம் வருஷத்தை நெருங்கும் ஒரு கலிங்க ராஜாவுக்கு மாமன் சீர் எடுத்துக்கொண்டு ஒரிசாவுக்கு ரயில் ஏறியவர் ஒருவர்தான். அவர் பெயர் திருமலை.

வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பணியில் இருந்தவரை அவர் மேஜையைத் தாண்டி எந்தக் கோப்பும் அவசரப்பட்டு நகர்ந்ததில்லை என்பார்கள். எதுவும் நூறு வருஷம் ஊறினால்தான் அருமை தெரியும் என்ற சரித்திர நோக்கு அவருக்கு அப்போதே இருந்திருக்கிறது.

கல்வெட்டு, கோயில், வம்சாவளி எல்லாவற்றையும் நிஜமாகவே படித்தவர். சொல்வதில் முக்கால்வாசி சரியாகவும் இருக்கும். தொல்லையே அதுதான். தப்பாகச் சொல்பவரை மறுத்துவிட்டு நகர்ந்துவிடலாம். சரியாகச் சொல்பவரிடமிருந்து தப்பிக்க வழி கிடையாது. பெரிய கோயிலுக்கு அவரோடு போனவர்கள் ராஜகோபுரத்தில் நுழைந்து வல்லாள மகாராஜா கோபுரத்தை எட்டுவதற்குள் நடை சாத்திவிடும். "சார்கூடப் போனா கல்லு பாக்கலாம், சாமி பாக்க இன்னொரு நாள் வரணும்" என்பது ஊர் வழக்கு.

தங்கை வள்ளியோடு அவருக்கு வந்த சண்டையும் சரித்திரத்தால் வந்ததுதான். வள்ளி உடன்பிறந்த ஒரே தங்கை. அடி அண்ணாமலையில் அப்பாதுரை என்கிற விவசாயிக்கு வாழ்க்கைப்பட்டவள். அவள் மகள் ஓவியாவுக்குக் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. குழந்தை மாமன் மடியில். ஒரு காது குத்தியாயிற்று. ஆசாரி மறு காதுக்குக் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறார். குழந்தை ஊரைக் கூட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து மைக் செட்காரர், "தாய்மாமன் ரெண்டு வார்த்தை பேசணும்" என்று மைக்கைக் கொண்டுவந்து நீட்டினார்.

திருமலையிடம் ரெண்டு வார்த்தை என்று ஒன்று கிடையாது. புத்தர் சிலையின் காது, பல்லவர் சிற்பத்தின் காது, சோழர் செப்புத் திருமேனியின் காது என்று உலகத்துக் காதெல்லாம் பேச்சில் வந்தது, மடியில் இருந்த மறு காதைத் தவிர. வள்ளி பொறுத்துப் பார்த்தாள். பிறகு கோயில் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"ண்ணா, பல்லவன் காது எங்கியும் போயிடாது. மைக்கக் குடுத்துட்டு எம்பொண்ணு காதப் புடி!"

கூட்டம் சிரித்தது. மைக் அவர் வாயருகேதான் இருந்தது. அதனால் அவர் விட்ட பெருமூச்சும் ஊருக்கே கேட்டது. குழந்தையைத் தூக்கி அப்பாதுரை மடியில் வைத்துவிட்டு எழுந்து போனவர்தான். ஓவியாவுக்கு ஒரு காது மாமன் மடியில் குத்தியது, மறு காது அப்பன் மடியில் குத்தியது. அதன்பின் மஞ்சள் நீராட்டு விழாவுக்குக்கூட மனைவி எழிலரசியின் கையில் சீர் வந்ததே தவிர, மாமன் வரவில்லை.

ஆனால் பௌர்ணமி தவறாமல் கிரிவலம் வருவார். மலையைச் சுற்றுகிறவர்கள் சாலையின் இடது ஓரமாகத்தான் நடக்கவேண்டும். மலையை ஒட்டிய வலது பக்கம் கண்ணுக்குத் தெரியாத சித்தர்களுக்கும் தேவர்களுக்கும் விட்டது. வள்ளியின் மோர்க்கடை இடது பக்கத்தில் இருக்கிறது. கடைக்கு நூறடி இருக்கும்போதே திருமலை சாலையைக் கடந்து சித்தர்கள் பக்கம் போய்விடுவார். யாராவது கேட்டால், "பழைய பாதை இந்தப் பக்கந்தான் இருந்துது" என்று ஒரு கல்வெட்டைச் சொல்வார். கண்ணுக்குத் தெரியாத சித்தர்களை இடித்துக்கொண்டு நடந்தாலும் நடப்பார், கண்ணுக்குத் தெரிகிற தங்கையைத் தாண்டி நடக்கமாட்டார். வள்ளியும் சளைத்தவள் அல்ல. அவர் தலை தெரிந்ததும் குரலை உயர்த்துவாள்: "மோரு, மோரு! சித்தருங்களுக்கும் உண்டு!"

இப்படி இருபது வருஷத்துக்கு மேல் போயிற்று. ஓவியா படித்து, வேலூரில் வேலைக்குப் போய், அங்கேயே விமல்ராஜ் என்ற பையனைப் பார்த்து, இரண்டு வீடும் சம்மதித்துக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். மணப்பெண்ணுக்கு மாலை போட்டு மணவறைக்கு நடத்திக்கொண்டு வரவேண்டியவர் தாய்மாமன், அவர் இருக்கிறாரா? "இருக்காரு, உள்ளூர்லதான்" என்றாள் வள்ளி. அது பொய்யில்லை.

அப்பாதுரை தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொன்னார். "உங்க பெரியப்பா பையன் பிரசாத்த நிக்க வச்சிடலாமா?"

"எனக்குக் கூடப்பொறந்தவன் ஒருத்தன். அவன் வந்தா மாலை. வரலன்னா எம்பொண்ணு வெறுங்கழுத்தோட நடந்து போவட்டும், வேலூர்க்காரங்க பாக்கட்டும். எடத்துக்கு ஆள் நிறுத்த இதென்ன எலெக்சனா?"

சொல்லிவிட்டாளே தவிர, வேலூர்க்காரர்கள் பார்ப்பதை நினைத்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ரோஷத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுத் தாம்பூலத் தட்டோடு வேங்கிக்காலில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு நேரிலேயே போனாள். திருமலை பத்திரிகையை வாங்கினார், தேதியைப் பார்த்தார். "அன்னிக்கி நான் பூரியில இருப்பேன்" என்றார். அதுவரை பூரிக்குப் போகும் எண்ணம் அவருக்கு இருந்ததில்லை. அன்று சாயங்காலமே கவுஸ் பாஷாவைப் போய்ப் பார்த்தார்.

கவுஸ் பாஷா பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் டிராவல்ஸ் வைத்திருப்பவர். காசி, கயா, பூரி என்று அவர் ரயிலேற்றிவிடாத இந்து ஆத்மா எங்கள் ஊரில் கம்மி. ஒரிசாவுக்கு இருபது தடவையாவது போயிருப்பார். பூரி ஜகந்நாதர் கோயிலின் உட்புறத்தை மட்டும் பார்த்ததில்லை. இந்து அல்லாதவர் உள்ளே போகக்கூடாது. எனவே கூட்டம் உள்ளே போய்ப் புண்ணியம் சேர்க்கும்போது அவர் வெளியே செல்போன்களைச் சேர்ப்பார்.

வெறும் யாத்திரை என்றால் தங்கைக்குப் பயந்து ஓடியதாக ஊர் சொல்லும். ஆகவே திருமலை ஒரு காரணத்தைத் தேடினார், கிடைத்துவிட்டது. சோழ இளவரசி ராஜசுந்தரியைக் கலிங்க ராஜாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவள் பெற்ற பிள்ளைதான் சோடகங்கன். பூரிக் கோயிலைக் கட்ட ஆரம்பித்தவன் அவன். கொனார்க்கில் சூரியன் கோயிலைக் கட்டியவன் அவன் வம்சத்தில் வந்தவன். இதெல்லாம் சரித்திரம். இதற்கு மேல் திருமலையின் சொந்தச் சரக்கு.

"அப்ப கலிங்கத்துக்கு நாமதான் தாய்மாமன் வீடு. சீர் போயிருக்கணுமா இல்லியா? போனது இன்னா? படை! மாமன் வீட்டுலருந்து யானையும் குதிரையும் போயி ஊரக் கொளுத்திட்டு வந்துது. அந்தச் சீர் இன்னும் பாக்கி. நாம கொண்டுபோய் வைக்கிறோம்."

கவுஸ் பாஷா கவனமாகக் கேட்டார். "செய்யலாம் சார். தட்டு தூக்க எத்தினி பேரு வேணும்?"

கிரிவல நண்பர்கள் என்று இருபது பேர் சேர்ந்தோம். எங்களுக்கு வேண்டியது ஜகந்நாதர் தரிசனம். தட்டு தூக்குவது பயணத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த வேலை. பழம், வெற்றிலை, மஞ்சள், வேட்டி என்று தட்டுகள் தயாராயின. ராஜசுந்தரிக்கு ஓர் ஆரணிப் பட்டு எடுத்து வரும்படி எழிலரசியிடம் சொன்னார் திருமலை.

"அந்தப் பொண்ணுக்கு இன்னா கலர் புடிக்கும்னு நான் கண்டனா?" என்றாள் எழிலரசி.

"சோழ இளவரசி. உனக்கு எது நல்லாருக்குதுன்னு படுதோ அத எடு."

மாம்பழ நிறத்தில் அரக்கு பார்டர் எடுத்து வந்தாள். பூரிக்குத் தான் வரவில்லை என்று சொல்லிவிட்டாள், முழங்கால் வலியாம். நாங்கள் ரயில் ஏறிய அடுத்த நாளே முழங்கால் வலிக்காரி அடி அண்ணாமலையில் பந்தல் வேலையை நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது பிறகு தெரிந்தது.

பூரியில் லாட்ஜ் அறையில் தட்டுகளை அடுக்கும்போது ரேவதி அந்தப் புடவையை விரித்துப் பார்த்தார். பேகோபுரத் தெருவில் தையல் கடை வைத்திருப்பவர். துணியை விரிக்காமல் அவரால் இருக்க முடியாது. "சார், இதுல ரவிக்கத் துணியக் காணோமே. வெட்டி எடுத்திருக்காங்க" என்றார்.

திருமலை ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. "அந்தக் காலத்து ராஜகுமாரிங்க ரவிக்க போட்டதே இல்ல. சிற்பத்தப் பாத்ததில்ல நீங்க?"

ரேவதி எங்களைப் பார்த்தார், நாங்கள் சீலிங் ஃபேனைப் பார்த்தோம்.

மறுநாள் ஜகந்நாதர் கோயிலில் மாமன் வீடு தட்டுகளோடு வரிசையாகப் போனது. ஆயிரம் பேர் தட்டோடு நிற்கும் இடத்தில் மாமன் எவன், பக்தன் எவன் என்று யாருக்குத் தெரியும்? தமிழ் யாத்ரீகர்களோடு பழகிய ஒரு பண்டா, அந்த ஊர்ப் பூசாரி, "மாமா, வாங்க மாமா!" என்று கூப்பிட்டார். திருமலை முகத்தில் தொள்ளாயிரம் வருஷம் காத்திருந்த ஒரு பூரிப்பு வந்தது. "பாத்தீங்களா? ரத்தம் கூப்புடுது" என்றார். பண்டா அடுத்து ராஜமுந்திரிக்காரர் ஒருவரையும், அவருக்குப் பின்னால் நின்ற மதுரைக்காரரையும் அதே பாசத்தோடு மாமா என்றழைத்தார். ரத்தம் அன்று பலரைக் கூப்பிட்டது. மற்ற தட்டுகள் எல்லாம் கூட்டத்தோடு கூட்டமாகக் காணிக்கையாகிவிட்டன. வெளியே வந்த திருமலையின் கையில், தேங்காய் பழத்தோடு புடவை வைத்த தட்டு மட்டும் மிச்சம் இருந்தது. அதை அவர் கொடுக்கவில்லை. பக்தனாக அல்ல, மாமனாகக் கொடுக்கவேண்டும். அதற்கு இடம், மருமகன் வம்சம் கட்டிய, பக்தர் கூட்டம் இல்லாத கொனார்க்தான் என்றார்.

அடுத்த நாள் காலை கொனார்க். அதற்கு மறுநாள் விடிந்தால் ஓவியாவின் முகூர்த்தம். பஸ்ஸில் யாரும் அதைப் பேசவில்லை. திருமலையும் அதைப் பேசவில்லை, கலிங்கப் போரைக்கூடப் பேசவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் பேசாத பஸ்ஸில் உட்கார்ந்திருப்பது பேசுகிற பஸ்ஸைவிடக் கஷ்டமாக இருந்தது.

கொனார்க்கைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சாமி இருக்கிற பூரியில் டிக்கெட் கிடையாது, தள்ளுமுள்ளு உண்டு. சாமி இல்லாத கொனார்க்கில் டிக்கெட் உண்டு, மரியாதை உண்டு. கருவறைக்கு மேலிருந்த பெரிய விமானம் எப்போதோ சரிந்துவிட்டது. எஞ்சிய மண்டபமும் விழுந்துவிடக்கூடாது என்று வெள்ளைக்காரன் உள்ளே மணலைக் கொட்டி வாசலை அடைத்துவிட்டுப் போனான். சூரியனுக்குத் தேர் செய்து, ஆளுயரத்தைத் தாண்டும் சக்கரங்களை வைத்து, குதிரைகளைப் பூட்டியிருக்கிறார்கள். தேர் ஓர் அங்குலம்கூட நகரவில்லை; அதைப் பார்க்க உலகம்தான் நகர்ந்து வருகிறது. எங்கள் கூட்டம் எதைப் பார்த்தாலும் வலம் வருகிற கூட்டம். இடது ஓரமாக ஒற்றை வரிசையில் நடந்து, வலது பக்கத்தைச் சித்தர்களுக்கு விட்டுக் கொடுத்தது. வெளிநாட்டார் சிலர் அந்தக் காலி இடத்தில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தார்கள்.

நாங்கள் வலம் வந்ததெல்லாம் பிறகுதான். அதற்கு முன், நுழைவாயிலிலேயே திருமலை மாட்டிக்கொண்டார். சோதனையில் நின்ற காவல்காரப் பெண்மணி தட்டைத் தடுத்தார். தேங்காய், பழம், குங்குமம் எதுவும் உள்ளே கூடாது. கவுஸ் பாஷா இந்தியில் இறங்கினார். எங்களில் வேறு யாருக்கும் இந்தி தெரியாது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

"யாருக்குன்னு கேக்கறாங்க சார்."

"சொல்லுங்க. மருமவனுக்கு மாமன் சீர்னு சொல்லுங்க."

சொன்னார். அந்தப் பெண்மணி திருமலையை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே இருந்த கல்மலையைக் கையால் காட்டி ஏதோ சொன்னார். நாலு வார்த்தை இருக்கும். கவுஸ் பாஷா மொழிபெயர்த்தார், அது நாற்பது வார்த்தை வந்தது:

"இன்னா சொல்றாங்கன்னா சார், அவங்க ஊர்லயும் மாமன் சீர் கீதாம். ஆனா கல்யாணத்துக்குக் கொண்டாருவாங்களாம். வூடு இடிஞ்சி, ஆளு போயி, உள்ள மண்ணக் கொட்டி கதவ மூடுனதுக்கு அப்பறமா தட்டத் தூக்கிக்கினு வர மாமன இப்பத்தான் பாக்கறாங்களாம். பொண்ணு உயிரோட இருக்கறப்ப எங்க போயிருந்தாருன்னு கேக்கறாங்க."

காவல்காரப் பெண்மணி அதற்குள் அடுத்தவர் பையைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு சொன்னவர் மாதிரி தெரியவில்லை.

திருமலை உள்ளே போகவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு பழைய கட்டடத்தின் வாசலில் வந்து நின்றும் அதைப் பார்க்காமல் திரும்பினார். இளநீர்க் கடை பெஞ்சில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த மடியில் கடைசியாக உட்கார்ந்து காது குத்திக்கொண்டது யார் என்பது அவருக்கும் ஞாபகம் வந்திருக்கவேண்டும். கடைசியில் கேட்டார்.

"பாஷா, இங்கருந்து ஊருக்கு எவ்ளோ நேரம்?"

"ரயில்ல போனா கல்யாணம் முடிஞ்சி பந்தலப் பிரிச்சிருப்பாங்க. பிளைட்ல சென்னையில எறங்கி ராவோட ராவா போனா விடியறதுக்குள்ள சேந்துடலாம். சாயங்காலம் புவனேஸ்வர்லருந்து கீது."

"இப்பப் போயி டிக்கெட் கிடைக்குமா?"

"கீது சார்."

"எம்பேர்லயா?"

"போன மாசமே போட்டாச்சி."

திருமலை நிமிர்ந்து பார்த்தார். "யாரு போடச் சொன்னது?"

"முழங்கால் வலி அம்மாதான்" என்றார் கவுஸ் பாஷா.

சோழ வம்சம் தட்டிலிருந்த புடவையின் மடிப்பைச் சரிசெய்தது. பிறகு, மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஏதாவது சொல்லவேண்டுமே என்று, "கலிங்கத்துலருந்து சோழர் படை எப்பிடித் திரும்பி வந்துதுன்னு யாருமே சரியா எழுதல" என்றார்.

"பிளைட்ல இல்ல சார்" என்றார் கவுஸ் பாஷா. "கிளம்புங்க."

மிச்சத்தை நாங்கள் பார்க்கவில்லை. எழிலரசி சொன்னதும் ஓவியா சொன்னதும் எங்கே ஒத்துப்போகிறதோ அதை மட்டும் சொல்கிறேன்.

மண்டபத்தில் மேளம் ஆரம்பித்துவிட்டது. வேலூர்க்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து வாசலைப் பார்க்கிறார்கள். வள்ளி வாசலிலேயே நிற்கிறாள், வருகிறவர்களை வரவேற்பதுபோல். ஆட்டோவிலிருந்து திருமலை இறங்கினார். தட்டில் தேங்காய் இல்லை. அதற்கு விமானம் ஏற அனுமதி கிடைக்கவில்லை. பழம் நசுங்கியிருந்தது. புடவை மட்டும் ராஜகுமாரி மாதிரி மடிப்புக் கலையாமல் இருந்தது.

"வந்துட்டியா" என்றாள் வள்ளி.

"ம்" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். தொண்டையைச் செருமினார். "இந்தப் பொடவ எங்கெங்க போயிட்டு வருதுன்னு தெரியுமா வள்ளி? கலிங்க நாட்டுல..."

பக்கத்தில் நின்ற அப்பாதுரை கண்ணை மூடிக்கொண்டார். நல்லவேளையாக அங்கே மைக் இல்லை.

"ஆரணிப் பட்டுதானே?" என்றாள் வள்ளி. "பஸ் ஏறுனா ஒன்ர மணி நேரம். அதுக்குப் பூரி வழியா சுத்திக்கினு வந்தியா? தட்ட உள்ள குடு ண்ணா. பொண்ணு ஒக்காந்துனு கீது."

இந்தத் தடவை அவர் எழுந்து போகவில்லை. எழுந்து போகலாம் என்றால் முதலில் உட்கார்ந்திருக்க வேண்டுமே. நின்றுகொண்டிருந்ததால் தப்பித்தார் என்பது எழிலரசியின் கட்சி.

மணப்பெண் அறையில் ஓவியா தலை பின்னி, பூ வைத்து, மேலே ஒரு பழைய சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சால்வையை எடுத்தபோது திருமலை பார்த்தார். மாம்பழ நிறத்தில், கையில் அரக்கு பார்டர் வைத்து, அளவாகத் தைத்த ரவிக்கை. தட்டில் இருந்த புடவையைப் பார்த்தார். மறுபடி ரவிக்கையைப் பார்த்தார். சரித்திரத்தில் எவ்வளவோ சதிகளைப் படித்தவர், வீட்டு பீரோவில் நடந்த இதைப் பார்க்கவில்லை.

"ராஜகுமாரிங்க ரவிக்கயே போடமாட்டாங்கன்னு சொன்னீங்களாமே" என்றாள் எழிலரசி, பூவைக் கட்டிக்கொண்டே. ரேவதி பூரியிலிருந்தே போனில் சொல்லியிருந்தார்.

பிறகு நாங்கள் எழிலரசியைக் கேட்டோம்: அவர் வராமல் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள், அந்தப் பெண் ரவிக்கையோடு உட்கார்ந்திருக்குமே? பதிவிரதா நம்பிக்கை, அண்ணாமலையார் கிருபை என்று ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தோம். "அதே கலர்ல இன்னொரு பொடவ எடுத்து பீரோவுல வச்சிருந்தேன்" என்றாள். "அவருகிட்ட சொல்லிடாதீங்க."

புடவை கட்டி வந்த ஓவியாவின் கழுத்தில் திருமலை மாலையைப் போட்டார். மணவறைக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பும்போது அவள் தலையைச் சாய்த்து வலது காதைக் காட்டினாள்.

"மாமா, இது உங்க மடியில குத்துன காது. அந்தக் கதய இதுல மெதுவா சொல்லிக்கினே வாங்க. அம்மாவுக்குக் கேக்கக்கூடாது."

அவர் சொல்லிக்கொண்டே நடந்தார். வேலூர்க்காரர்கள், தாய்மாமன் பெண்ணுக்குப் புத்திமதி சொல்கிறார் என்று நினைத்துக் கண் கலங்கினார்களாம். மணவறையை எட்டியபோது ராஜசுந்தரிக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. மீதியை ஓவியா ஐயர் மந்திரத்துக்கு விட்டுக்கொடுத்தாள்.

அடுத்த பௌர்ணமிக்குத் திருமலை இடது ஓரமாகவே நடந்தார். வள்ளியின் கடையில் நின்று மோர் வாங்கிக் குடித்தார். குடித்தவர் நகர்ந்திருக்கலாம். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, மோர் வாங்க வந்தவர்களிடம் கொனார்க்கைப் பற்றி ஆரம்பித்தார், தான் உள்ளேயே போகாத கொனார்க்கைப் பற்றி. கேட்டவர்கள் மெல்ல அடுத்த கடைக்கு நகர்ந்தார்கள். வள்ளி கொஞ்ச நேரம் பொறுத்தாள். காதுகுத்தில் பொறுத்ததைவிட இந்தத் தடவை ஜாஸ்தியாகவே பொறுத்தாள்.

"ண்ணா," என்றாள் கடைசியில், டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, "அடுத்த மாசத்துலருந்து நீ சித்தருங்க பக்கமே போயிடு."